பதினோராவது கேள்வி

போன மாதம் நிவேதா போன் செய்தாள். நான் வேலை பார்த்த பயண ஏற்பாட்டுக் கடையை எடுத்துக்கொண்ட பெரிய நிறுவனத்தில் இப்போது அவள்தான் எங்கள் பழைய வாடிக்கையாளர்களைப் பார்த்துக்கொள்கிறாள்.

"அங்கிள், ஒரு சின்ன டவுட். பழைய ஃபார்ம எல்லாம் ஸ்கிரீன்ல ஏத்திட்டு இருக்கோம். பதினொன்னாவது கேள்விக்கு எதுக்கு ரெண்டு கட்டம்?"

"எந்த ரெண்டு?" என்றேன். தெரியாமல் கேட்கவில்லை.

"'தூக்கலாமா'ன்னு ஒன்னு. 'அவரே சொன்னாரா'ன்னு இன்னொன்னு. ரெண்டாவது வேஸ்ட், எடுத்துடலாம்னு மேனேஜர் சொல்றார்."

எடுக்க வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டாள். போனில் எனக்குப் பேச்சு ஒழுங்காக வராது. எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். எழுத உட்கார்ந்தால் ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. தமிழ்ச் சங்கத்து மலருக்கும் கொடுங்கள் என்று அவள்தான் சொன்னாள்.

நான் பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்தியவன். மனைவிக்கு இங்கே நர்ஸ் வேலை கிடைத்ததால் ஆக்லாந்துக்கு வந்தோம். எனக்கு மங்கரேயில், விமான நிலையத்தில், சக்கர நாற்காலி தள்ளும் வேலை கிடைத்தது. ஆறு வருடம் தள்ளினேன். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. தள்ளுகிறவன் பின்னால் இருப்பான். யார் முகத்தையும் பார்த்துப் பேச வேண்டியதில்லை.

அங்கேதான் புனிதா அக்கா என்னைப் பார்த்தார். யாழ்ப்பாணத்துக்காரர். ஏவன்டேலில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், டெய்ரி என்று இங்கே சொல்லும் மளிகைக் கடைக்கும் முடிவெட்டும் கடைக்கும் நடுவே மூன்று மேசை போட்ட பயணக் கடை வைத்திருந்தார். ஒரு வாடிக்கையாளரை வழியனுப்ப வந்தவர், லிஃப்ட் வாசலில் நான் நாற்காலியைத் திருப்பிப் பின்சக்கரத்தை முதலில் ஏற்றுவதைப் பார்த்துவிட்டு நின்றார்.

"தம்பி, இதை ஆர் உங்களுக்குக் காட்டித் தந்தது?"

"யாரும் இல்லைங்க. முன்சக்கரம் சின்னது, இடுக்குல மாட்டிக்கும்."

"கண்டுபிடிச்சிட்டீங்கள். என்ர கடையில ஒரு மேசை சும்மா கிடக்குது. வாறீங்களோ?"

போனேன். பதினான்கு வருடம் அந்த மேசையில் இருந்தேன்.

எங்கள் கடைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் நாற்காலியிலோ கைத்தடியிலோ வந்தவர்கள். ஆசையோ நேர் எதிர். கல் பாவிய தெருக்கள், கோட்டைகள், ஒலிவ மரம் நிற்கும் தீவுகள், கடலுக்கு மேலே வெள்ளைச் சுவர் வீடுகள். அக்காவின் கணவர் பக்கவாதம் வந்தபின் அப்படி ஒரு கிரேக்கத் தீவுக்குத்தான் கேட்டுக்கேட்டுப் போயிருக்கிறார். விடுதிக்கு வெளியே ஒன்பது படி. போன நாள் ஏற்றிவிட்டார்கள். திரும்பும் நாள்தான் இறக்கினார்கள். இடையில் ஐந்து நாளும் அறையின் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அவர் காலமானபின் அக்கா இந்தக் கடையைத் தொடங்கினார்.

சொகுசுக் கப்பல் பயணம் எங்கள் கடையில் கிடையாது. பத்து நாளில் எட்டுத் தீவு என்று யாராவது கேட்டால் அக்கா பேனாவை மூடி வைத்துவிடுவார்.

"இவ்வளவு தூரம் புகையைக் கக்கிக்கொண்டு பறந்து போறீங்கள். போனா ஓரிடத்தில இருந்து பாருங்கோ. அந்த ஊர் பஸ்ஸில ஏறுங்கோ, அந்த ஊர்ச் சனத்தின்ர வீட்டில தங்குங்கோ. ஓடியோடிப் படம் எடுக்கிறதுக்கு என்னத்துக்கு விமானம்?"

சிலர் எழுந்து போவார்கள். அவர் கவலைப்பட்டதில்லை. ஒரே ஊர், குறைந்தது பத்து நாள், கூட்டம் குறைந்த மாதம், குடும்பம் நடத்தும் சின்ன விடுதி. இது அவருடைய சட்டம். நாற்காலிக்காரருக்கும் அதுதான் நல்லது என்பார். பழகிய தெருவில் எந்தக் கல் ஆடுகிறது என்று மூன்றாம் நாள் தெரிந்துவிடும்.

அவருடைய கைப்பையில் எப்போதும் ஒரு அளவு நாடா இருக்கும். விடுதிக்காரர் "எல்லா வசதியும் உண்டு" என்று எழுதினால் நம்பமாட்டார். குளியலறைக் கதவின் குறுக்கே நாடாவைப் பிடித்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்வார். நாடாவில் எண் தெரிய வேண்டும். கட்டில் தரையிலிருந்து எவ்வளவு உயரம், வாசல்படி எத்தனை விரல்கடை, கழிவறையில் நாற்காலி திரும்புமா, விடுதியிலிருந்து பஸ் நிற்குமிடம்வரை தரை கல்லா தாரா, எல்லாவற்றுக்கும் படம் வேண்டும். ஒருமுறை சிசிலியில் ஒரு விடுதிக்கார அம்மா சலித்துப்போய், தன் மாமியாரையே நாற்காலியில் உட்கார வைத்துக் கதவு வழியாகத் தள்ளிப் படம் எடுத்து அனுப்பிவிட்டார். அக்கா அதைச் சட்டம் போட்டுக் கடைச் சுவரில் மாட்டினார்.

இதையெல்லாம் பதிவு செய்ய அக்காவே ஒரு படிவம் எழுதியிருந்தார். பன்னிரண்டு கேள்விகள். முதல் பத்தும் விடுதிக்காரருக்கும் படகுக்காரருக்கும். பன்னிரண்டாவது, மழை பெய்தால் நாள் முழுக்க இவர் எங்கே இருப்பார் என்பது. பதினோராவதுதான் பயணம் போகிறவரைக் கேட்பது. வழியில் எங்காவது ஆள் தூக்க வேண்டி வந்தால் இவருக்குச் சம்மதமா? அதற்கு ஒரு கட்டம். அடுத்த கட்டத்தில், இதை அவரே சொன்னாரா?

சேர்ந்த முதல் வாரமே சொன்னார். "மகனைக் கேட்கக் கூடாது. மகளைக் கேட்கக் கூடாது. அவை எல்லாரும் ஓம் எண்டுதான் சொல்லுவினம். ஆளின்ர முகத்தைப் பாத்துக் கேளுங்கோ. கேட்டா ஒரு கதை வரும். அந்தக் கதையிலதான் வழி இருக்கும்."

"சரிங்க அக்கா" என்றேன். மற்ற பதினொரு கேள்விகளையும் ஒழுங்காகச் செய்தேன். மின்னஞ்சலில் கேட்க எனக்குக் கூச்சம் இல்லை. பதினோராவது வரும்போது மட்டும், ஆண்களாக இருந்தால் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டுவிடுவேன். பெண்களாக இருந்தால் அக்காவின் மேசைக்கு அனுப்பிவிடுவேன்.

எஸ்தர் டீச்சர் வந்த நேரத்தில் அக்கா கடையில் இல்லை. தங்கைக்குக் கண் அறுவை சிகிச்சை என்று கனடா போயிருந்தார்.

டீச்சர் ஈப்போவில் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவர். இங்கே ஆக்லாந்தில், மாசி என்ற பகுதியில், மகன் டேனியல் வீட்டில் இருந்தார். எழுபத்து நான்கு வயது. ஒல்லியான உருவம், நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருப்பார், நீளப் பாவாடை. மடக்கும் நாற்காலியில் வந்து என் மேசைக்கு எதிரே நின்றதும், வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தவன்போல மேசையிலிருந்த தாள்களை அடுக்கத் தொடங்கினேன்.

"தம்பி, எனக்கு மால்டா போகணும்" என்றார். "அங்க ஒரு சின்னத் தீவு இருக்கு. பைபிள்ல வர்ற அப்போஸ்தலரோட கப்பல் உடஞ்சி கரை ஒதுங்கின இடம்னு சொல்றாங்க. மேல அவர் சிலை நிக்குது. நாப்பது வருஷம் ஞாயித்துக்கெழம பிள்ளைங்களுக்கு அந்தக் கதையச் சொல்லியிருக்கேன். நனஞ்சி வந்தவங்களுக்கு அந்த ஊர் ஆளுங்க நெருப்பு மூட்டிக் குடுத்தாங்கன்னு சொல்லிக் குடுக்கிறப்ப ஒவ்வொரு தடவையும் ஒரு பிள்ளை கேக்கும், டீச்சர் நீங்க பாத்தீங்களான்னு."

"இறங்க முடியாதுங்க டீச்சர். பாறையா இருக்கும்."

"இறங்க வேணாம். படகுல கிட்டப் போய்ப் பாக்கணும். முகத்தப் பாக்கணும், அவ்வளவுதான்."

மூன்று வாரம் வேலை செய்தேன். விடுதி நன்றாக அமைந்தது. கதவுப் படமும் வந்தது, நாடாவில் எண் தெளிவாகத் தெரிந்தது. படகுக்கு ஒரு மீனவக் குடும்பத்தைப் பிடித்தேன். சின்னப் படகு, உள்ளூர் ஆட்கள், அக்காவுக்குப் பிடித்த மாதிரி. படகுக்காரர் நேர்மையாகவே எழுதியிருந்தார். படகில் ஏற நான்கு படி இறங்க வேண்டும், சாய்தளம் இல்லை, நானும் தம்பியும் தூக்கிவிடுவோம், பலரைத் தூக்கியிருக்கிறோம். அந்தக் கடிதத்தின் கீழே இன்னொரு வரி இருந்தது. அடுத்த துறையிலிருந்து மாதக் கடைசிச் சனிக்கிழமை ஒரு பெரிய படகு போகும், நாற்காலியோடு ஏற அதற்குப் பலகை உண்டு. நான் டீச்சருக்குப் போட்டிருந்த பயணத்தில் அந்தச் சனிக்கிழமை திரும்பும் நாள். இரண்டு நாள் தள்ளிப்போட்டால் முடிந்திருக்கும். அந்த வரியைப் படித்தேன். தேவைப்படாது என்று கடிதத்தைக் கோப்பில் வைத்தேன்.

பதினோராவது கேள்வி மட்டும் மிச்சம். டீச்சர் இரண்டு முறை கடைக்கு வந்தார். அலை எப்படி இருக்கும், குளிருக்கு என்ன எடுத்துப் போகலாம் என்று கேட்டார். இரண்டு முறையும் படிவம் என் கைக்குக் கீழே இருந்தது. முன்பின் தெரியாத இரண்டு ஆண்கள் உங்கள் முழங்காலுக்குக் கீழே கைவிட்டுத் தூக்கலாமா என்று, என் அம்மா வயதுப் பெண்ணைப் பார்த்து எப்படிக் கேட்பது? கேட்காமலே அனுப்பிவிட்டேன். எங்கள் பெரியம்மாவை மலைக்கோயிலுக்குக் கூட்டிப்போனபோது பிளாஸ்டிக் நாற்காலியோடு நாலு பேர் தூக்கிக்கொண்டு ஏறினோம். யாரும் அவரைக் கேட்கவில்லை. கேட்பதுதான் மரியாதைக் குறைவு என்று நினைத்து வளர்ந்தவன் நான்.

டேனியலுக்குப் போன் செய்தேன்.

"தூக்கிக்கலாம் லா" என்று ஈப்போப் பேச்சில் சொல்லிச் சிரித்தார். "அம்மா நாப்பத்தஞ்சு கிலோதான். வீட்ல நானே தூக்குறேன். ஒன்னும் சொல்ல மாட்டாங்க."

வீட்டில் அவர் தூக்குகிறார் என்றதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. முதல் கட்டத்தில் சரி போட்டேன். இரண்டாவது கட்டத்தை வெறுமையாக விட்டிருக்கலாம். விட்டால் அக்கா வந்ததும் கேட்பார். அதிலும் சரி போட்டேன். என் வேலைக்காலத்தில் நான் எழுதிய ஒரே பொய் அது என்று நினைக்கிறேன்.

அக்கா திரும்பி வந்து ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். பதினொன்றில் அவர் விரல் நின்றது.

"நீங்கள் கேட்டனீங்களோ?" ஆச்சரியமும் சந்தோஷமுமாக இருந்தது குரல்.

"ம்" என்றேன். கையெழுத்துப் போட்டார்.

டீச்சரும் மகனும் மால்டா போய் எட்டாம் நாள் டேனியலிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அம்மா படகில் ஏறவில்லை, நான் மட்டும் போய்ப் படம் எடுத்து வந்தேன், பரவாயில்லை. வேறு ஒன்றும் இல்லை. அலை அதிகமாக இருந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஊர் திரும்பி இரண்டு வாரம் கழித்து டீச்சரே கடைக்கு வந்தார். டேனியல் தள்ளிக்கொண்டு வந்தார். அக்காவின் மேசைக்கு எதிரே நிறுத்தச் சொன்னார், என் மேசைக்கு அல்ல.

"விடுதி ரொம்ப நல்லா இருந்திச்சு" என்று தொடங்கினார். "அந்த வீட்டம்மா எனக்குப் பேரே வச்சிட்டாங்க. படகுக்காரங்களும் நல்லவங்கதான். அவங்க மேல தப்பில்ல. ரெண்டு பேரும் வந்து இவன்கிட்டப் பேசினாங்க. என்கிட்டப் பேசல. ஒருத்தர் முதுகுக்குப் பின்னால கைய விட்டார், இன்னொருத்தர் காலுக்குக் கீழ. நான் என்னன்னு கேக்கிறதுக்குள்ள தரை போயிடிச்சு."

டேனியல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஈப்போ ஆஸ்பத்திரியில ஒருதரம் என்னைத் தூக்கிறப்ப கீழ போட்டாங்க. அதுலதான் இடுப்பு போச்சு. அதுக்கு முன்னால நான் நடந்துக்கிட்டிருந்தேன். மகன் தூக்கினா பயமில்ல, ஆனா ஆடுற படகுல இவனால தனியா இறக்க முடியாது. வேற யாரு தொட்டாலும் உடம்பு வெறச்சிடும், அது என் கையில இல்ல. கத்திட்டேன். துறையில இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பாத்தாங்க. பாவாடை வேற மேல ஏறிடிச்சு. கீழ வைங்கன்னு தமிழ்ல கத்துறேன், அவங்களுக்கு எப்படிப் புரியும்?"

அக்கா எழுந்துபோய்க் கோப்பை எடுத்தார். பதினோராவது கேள்வி இருந்த தாளை டீச்சரின் முன்னால் வைத்தார். டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"இது யாரு போட்டது?"

"நான்தாங்க டீச்சர்" என்றேன். எழுந்து நின்றிருந்தேன்.

"நான் உங்ககிட்ட சொன்னேனா, தம்பி?"

"இல்லைங்க."

"நீங்க என்னைக் கேட்டீங்களா?"

"இல்லைங்க டீச்சர்."

அவர் கைப்பையைத் திறந்து பேனா எடுத்தார். நான் போட்ட இரண்டு சரிகளையும் அடித்தார். பக்கத்தில் 'இல்லை', 'இல்லை' என்று எழுதித் தன் கையெழுத்தைச் சுருக்கமாகப் போட்டார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, "கரையிலேர்ந்து சிலை தெரிஞ்சிச்சு" என்றார். "தூரத்தில வெள்ளையா. முகம்தான் தெரியல."

கோப்பைப் புரட்டிய அக்கா, படகுக்காரரின் கடிதத்தின் கடைசி வரியைக் கண்டார். பலகை உள்ள படகு. சனிக்கிழமை. அதை மறைக்கவில்லை. டீச்சருக்கு வாசித்துக் காட்டினார். இன்னொரு தடவை போய்வர எல்லா ஏற்பாடும் நாங்கள் செய்கிறோம் என்றார்.

"அத்தனை மணி நேரம் உக்காந்து போக இனிமே டாக்டர் விடமாட்டார், புனிதா" என்றார் டீச்சர். "இந்தத் தடவையே கெஞ்சித்தான் வாங்கினேன்."

அவர்கள் போனபின் அக்கா திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மறுநாள் காலையிலிருந்து பதினோராவது கேள்வியை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டார். நான் மற்றதை எல்லாம் முடித்துக் கோப்பைக் கொண்டுபோய் வைப்பேன். அவர் வாடிக்கையாளரை அழைத்து, நாற்காலியை அவர்களுக்கு நேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்பார். ஆண்களானாலும் அவரே கேட்டார். மூன்றடி தள்ளி என் மேசையிலிருந்து எனக்கு எல்லாம் காதில் விழும். கேட்பதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. அதன்பிறகு அவர்கள் சொல்லும் கதைதான் நீளம். ஒருவருக்குத் தோள்பட்டை கழன்றுவிடும். ஒருவர் சிறுநீர்ப் பையைக் கட்டியிருந்தார், அது நசுங்கிவிடும் என்ற பயம். ஒரு பெரியவர், "தூக்கினால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும், அதனால் எச்சரிக்கை" என்றார். இத்தனை வருடம் நான் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டபோது யாரும் எனக்கு இப்படி ஒரு கதையும் சொன்னதில்லை.

கடைசிவரை அந்தக் கேள்வி என்னிடம் திரும்பி வரவில்லை. அக்கா முடியாமல் கடையை விட்டபோது எனக்கு ஐம்பத்தாறு வயது. புது நிறுவனத்தில் இரண்டு வருடம் இருந்துவிட்டு முழங்கால் வலியால் வேலையிலிருந்து நின்றுகொண்டேன். கடையைக் காலி செய்த நாளில் அக்கா பழைய கோப்புகளைக் கிழித்துக்கொண்டிருந்தார். டீச்சரின் தாளை மட்டும் தனியே எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இதை நான் கிழிக்கேலாது. நீங்கள் வச்சிருங்கோ."

வைத்திருக்கிறேன்.

இந்தக் கோடையில் சங்கத்திலிருந்து முதியவர்களைப் படகில் பக்கத்து வைஹேகி தீவுக்குக் கூட்டிப்போனார்கள். அங்கேயும் ஒலிவத் தோட்டம், திராட்சைத் தோட்டம், மேட்டிலிருந்து பார்த்தால் நீலக் கடல். நாற்காலிகளைப் பற்றித் தெரிந்தவன் என்று என்னையும் வரச்சொன்னார்கள். படகுத்துறைக்குப் போனால் அங்கே எஸ்தர் டீச்சர். எண்பதைத் தாண்டிவிட்டார். இப்போது கைப்பிடியை அழுத்தினால் ஓடும் மோட்டார் நாற்காலி. டேனியலுக்கு வேலை, அவர் வரவில்லை. நான் வணக்கம் சொன்னேன். அவரும் சொன்னார். அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது கடல்மட்டம் இறங்கியிருந்தது. நீர் இறங்கினால் மிதவையிலிருந்து துறைக்கு ஏறும் பாலம் செங்குத்தாகிவிடும். எல்லாரும் ஏறத் தொடங்கினார்கள். டீச்சருக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. வழக்கம்போல நான் பின்னால் போய் நின்றேன். பிடிகளில் கை வைக்கப் போனவன் வைக்கவில்லை. சுற்றி முன்னால் வந்து, முழங்கால் வலித்தாலும் குனிந்து, அவர் முகத்தைப் பார்த்தேன்.

"டீச்சர், நான் தள்ளட்டுமா, நீங்களே ஏறிக்கிறீங்களா?"

அவர் பாலத்தின் உச்சிவரை ஒருமுறை பார்த்தார்.

"நானே ஏறிக்கிறேன். பின்னால நில்லுங்க. தொட வேணாம்."

கைகளைப் பிடிக்கு ஒரு சாண் பின்னால் வைத்துக்கொண்டு நடந்தேன். பாதிப் பாலத்தில் இரண்டு இரும்புத் தகடுகள் சேருமிடத்தில் முன்சக்கரம் மாட்டிக்கொண்டது. ஒரு கையால் தட்டினால் ஏறியிருக்கும்.

"இப்பத் தள்ளட்டுமா?"

"வேணாம்."

பின்னுக்கு எடுத்துக் கொஞ்சம் சாய்த்து மறுபடியும் வந்தார். மாட்டியது. எங்களுக்குப் பின்னால் வரிசை நின்றுவிட்டது. ஒரு வெள்ளைக்காரர், நல்ல மனிதர்தான், "ஒரு தள்ளு தள்ளிவிடுங்களேன்" என்று ஆங்கிலத்தில் என்னிடம் சொன்னார். என்னிடம்தான் சொன்னார், டீச்சரிடம் அல்ல.

"அவங்க வேண்டாம்னு சொல்லிட்டாங்க" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

டீச்சர் திரும்பாமலே சொன்னார். "சத்தமா சொல்லுங்க தம்பி. அவருக்குக் கேக்கல."

திரும்பி நின்று, அந்த மனிதரின் முகத்தைப் பார்த்து, இன்னொரு முறை சொன்னேன்.